கணையத்தைப் பார்க்காத சர்க்கரை வைத்தியம்

"சர்க்கரைக்கு ரத்தத்தைப் பார்த்தால் போதும். கணையத்தைப் படம் பிடித்து என்ன ஆகப்போகிறது?" ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ இதை யாரும் வாதமாக முன்வைப்பதில்லை. வாதிட வேண்டிய தேவையே இல்லாத அளவுக்கு அது ஊரறிந்த உண்மையாகிவிட்டது. சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து நோயாளியிடம் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "சுகர் எவ்வளவு இருக்கு?" டாக்டர் கேட்கிறார், லேப்காரர் சொல்கிறார், டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தன்னுடையதோடு ஒப்பிட்டுப் பார்த்து ஆறுதல் அடைகிறார். இன்சுலினைச் சுரக்க வேண்டிய உறுப்பு என்ன நிலையில் இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அப்படிக் கேட்காமல் இருப்பதற்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன்.

எதிர்த்தரப்பு நோஞ்சானல்ல. அதன் நியாயத்தை முதலில் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். நீரிழிவுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கும் வரையறையே ரத்தச் சர்க்கரைதான். வெறும் வயிற்றில் 126, மூன்று மாதச் சராசரியில் 6.5 சதவீதம், இவற்றைத் தொட்டால் நோய். கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் கெடுவது சர்க்கரை அளவைப் பொறுத்தது என்பதை 1993-இல் வட அமெரிக்காவின் டிசிசிடி ஆய்வும் 1998-இல் பிரிட்டனின் யுகேபிடிஎஸ் ஆய்வும் ஐயமற நிறுவின. நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் இரண்டாம் வகைக்காரர்கள். எல்லா நோயாளிக்கும் கணையப் படம் எடுங்கள் என்று பெரிய வழிகாட்டு நெறி எதுவும் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு சொல்கிறது. அத்தனை பேரையும் ஸ்கேன் அறை வாசலில் வரிசையாக நிறுத்துவது முட்டாள்தனம். 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. நூற்பாலை ஷிப்டை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி. அதை யாரும் மறுக்க முடியாது.

இவ்வளவும் சரிதான். ஆனால் இவற்றிலிருந்து பெறப்படும் முடிவு "எல்லோருக்கும் படம் வேண்டாம்" என்பது மட்டுமே. "யாருக்கும் வேண்டாம்" என்பது இவற்றிலிருந்து வராது. முதல் வாக்கியத்துக்கு ஆதாரம் காட்டிவிட்டு இரண்டாவதை நடைமுறைப்படுத்துவதுதான் இங்கே நடந்துகொண்டிருக்கிறது.

1. "படம் எடுத்தாலும் வைத்தியம் மாறாது" என்பது உண்மையல்ல.

இந்த ஒன்று உடைந்தால் மற்றவை தாமாகச் சரியும் என்பதால் இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

தென்னிந்தியாவுக்கென்றே பேர்பெற்ற ஒரு நீரிழிவு உண்டு. கணையக் குழாயில் சுண்ணாம்புக் கற்கள் உருவாகி, உறுப்பு நார்நாராக இறுகி, கடைசியில் இன்சுலின் சுரக்கும் செல்களும் அழிந்து வருவது. மருத்துவ நூல்களில் அதற்கு எஃப்சிபிடி என்று பெயர். கணையக்கல் நீரிழிவு என்று வைத்துக்கொள்வோம். இந்தோனேசியாவில் ஊட்டமில்லாத ஏழைகளிடம் இதைக் கண்டு சூய்டெமா என்ற மருத்துவர் 1950-களில் எழுதினார். நமக்கு மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், டாக்டர் கீவர்கீஸ் நூற்றுக்கணக்கான நோயாளிகளைப் பார்த்து 1968-இல் கணைய நீரிழிவுக்கென்றே தனி நூல் வெளியிட்டார். சென்னையில் டாக்டர் வி. மோகனும் அவரோடு பணியாற்றியவர்களும் இதைக் கண்டறியும் அளவுகோல்களை வகுத்தார்கள். உலகத்துக்கே இந்த நோயைப் பற்றிச் சொல்லிக்கொடுத்த வட்டாரம் இது.

அந்தக் கற்கள் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதனால் சாதாரண வயிற்று எக்ஸ்ரேயில், முதல் இரண்டு இடுப்பு முள்ளெலும்புகளின் மட்டத்தில், முதுகெலும்புக்கு இருபுறமும் வெள்ளை வெளேரென்று தெரியும். ரத்தப் பரிசோதனை எதுவும் அதைக் காட்டாது. 280 என்ற எண், கணையக்கல்லால் வந்தாலும் 280-தான், தொந்தியால் வந்தாலும் 280-தான்.

சரி, கல் தெரிந்துவிட்டது. வைத்தியத்தில் என்ன மாறும்?

உணவு அறிவுரை தலைகீழாக மாறும். இந்த நோயாளிக்குச் செரிமான நொதிகளும் வற்றியிருக்கும். சாப்பிட்ட கொழுப்பு உடம்பில் ஒட்டாமல், பீங்கானில் எண்ணெய்ப் பிசுக்காக மிதக்கும் மலமாக வெளியேறிவிடும். ஏற்கனவே உள்ளுக்குள் பட்டினி கிடக்கும் அந்த மனிதரிடம்தான் "எண்ணெயைக் குறை, அரிசியைக் குறை, ஒரு வேளை கோதுமை சாப்பிடு" என்று அச்சடித்த தாளை நீட்டுகிறோம். அவருக்குத் தேவை சோற்றோடு சேர்த்து விழுங்கும் கணைய நொதி மாத்திரை. கூடவே கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள். தொந்தி உள்ளவனுக்கு எழுதிய பத்தியத்தை எலும்பும் தோலுமானவனுக்குக் கொடுப்பதை வைத்தியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மாத்திரையும் மாறும். கிளிமிபிரைடு போன்றவை கொஞ்ச காலம் கைகொடுக்கும். செல்கள் குறையக் குறைய இவர்களில் பெரும்பாலோருக்கு இன்சுலின்தான் வழி. வகை தெரியாத மருத்துவர் மாத்திரையை ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏற்றிக்கொண்டே போவார். எண் இறங்காது. குற்றம் நோயாளி மேல் விழும்: "மாத்திரை ஒழுங்கா போடலை", "ஊர்ல பால்கோவா கடைக்குக் குறைச்சலா, வாயைக் கட்டலை." ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் என்றால் இந்தப் பழியிலிருந்து தப்பவே முடியாது.

கிளிப்டின் வகை மாத்திரைகளையும் பாருங்கள். வில்டாகிளிப்டினின் காப்புரிமை 2019-இலும் சிடாகிளிப்டினுடையது 2022-இலும் முடிந்தபின் விலை மளமளவென்று இறங்கி, இன்று அவை தெருமுனை மருந்துக்கடையிலும் கிடைக்கின்றன. பெரும்பாலோருக்கு நல்ல மருந்துதான். ஆனால் கணைய அழற்சி வந்தவர்களுக்குக் கொடுக்கும்போது கவனம் தேவை என்று அந்த மருந்தின் குறிப்புத்தாளே சொல்கிறது. கணையத்தில் அழற்சி இருக்கிறதா என்று ஒரு தடவைகூடப் பார்க்காதவர் அந்தக் கவனத்தை எங்கிருந்து கொண்டுவருவார்?

அடுத்தது லோ சுகர். சர்க்கரை இறங்கினால் தூக்கிவிட உடம்பிடம் குளூக்ககான் என்ற ஹார்மோன் இருக்கிறது. அதுவும் கணையத்தில்தான் சுரக்கிறது. இறுகிப்போன கணையத்தில் இன்சுலினோடு சேர்ந்து அதுவும் குறைகிறது. இதில் ஒரு லாபமும் உண்டு: இன்சுலின் இவ்வளவு குறைந்தும் இவர்களுக்குக் கீட்டோன் ஏறி மயங்கும் ஆபத்து முதல் வகைக்காரர்களைப்போல் வருவதில்லை. நஷ்டம் பெரியது: இறங்கிய சர்க்கரை தானாக ஏற மறுக்கும். மற்றவருக்குப் பொருந்தும் இன்சுலின் அளவு இவரைக் கீழே தள்ளிவிடலாம். நூற்பாலையில் இரவு ஷிப்டில் எந்திரங்களுக்கு நடுவே நிற்கும் தொழிலாளிக்கு அதன் பொருள் என்ன என்று ராஜபாளையத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வலியும் இருக்கிறது. நம் பக்கத்தில் மேல்வயிற்று வலி எதுவானாலும் அதற்கு 'அல்சர்' என்றுதான் பெயர். முதுகுக்கு ஊடுருவும் வலி, சாப்பிட்டால் கூடும் வலி, குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தணியும் வலி. எல்லாம் அல்சர், எல்லாவற்றுக்கும் வெறும் வயிற்றில் ஒரு கேப்சூல். பத்து வருடம் அல்சர் கேப்சூல் சாப்பிட்டவருக்கு முப்பது வயதில் சர்க்கரை வந்தால், இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவர் வேண்டாமா? அந்த வலிக்குக் காரணம் குழாயை அடைத்த கல் என்றால் அதிர்வலையால் அதை நொறுக்கலாம், எண்டோஸ்கோப் வழியாக எடுக்கலாம், முடியாவிட்டால் அறுவை செய்து குழாயைத் திறந்து குடலோடு இணைக்கலாம். ஐதராபாத்தில் ஒரே மருத்துவமனை ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கணையக்கல்லை அதிர்வலையால் உடைத்த அனுபவத்தை 2010-லேயே வெளியிட்டிருக்கிறது. மாத்திரைச்சீட்டில் இதெல்லாம் வராது.

கடைசியாகப் புற்றுநோய். இந்தக் கணையக்கல் நோயாளிகளுக்குக் கணையப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ நூறு மடங்கு என்று சாரி, மோகன், பிச்சுமணி ஆகியோர் 1994-இல் எழுதினார்கள். நூறு மடங்கு. அப்படிப்பட்டவரைக் கண்காணிக்க வேண்டுமென்றால், அவர் அப்படிப்பட்டவர் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

வைத்தியம் மாறாது என்பவர்கள் இவற்றில் எதை மாற்றம் இல்லை என்கிறார்கள்?

2. "அந்த நோயெல்லாம் போய்விட்டது" என்று சொல்வதற்குக் கணக்கு உதவாது.

போய்விட்டது என்பவர்கள் கையில் ஒரு புள்ளிவிவரம் இருக்கிறது. சென்னையில் ஒரு பெரிய நீரிழிவு மையத்தில் 1991-95 காலத்தில் பதிவான நோயாளிகளில் 1.6 சதவீதத்தினர் கணையக்கல்காரர்கள். 2006-10-இல் அது 0.2 சதவீதமாகிவிட்டது. எட்டில் ஒரு பங்கு. உண்மைதான்; ஊட்டம் கூடியது காரணமாக இருக்கலாம். சாவும் தள்ளிப்போயிருக்கிறது. சிறுபிராயத்தில் வலி, வாலிபத்தில் சர்க்கரை, நடுவயதுக்குள் முடிவு என்று அந்தக் காலத்துக் கேரள மருத்துவர்கள் கண்டதுபோல் இன்று நடப்பதில்லை.

ஆனால் சதவீதத்தில் மேலே ஒரு எண், கீழே ஒரு எண் உண்டு. அந்தப் பதினைந்து ஆண்டுகளில் கீழே இருந்த எண், அதாவது இரண்டாம் வகைக்காரர்களின் கூட்டம், எப்படிப் பெருகியது என்பதை எல்லோரும் கண்ணால் பார்த்தோம். விகிதம் இறங்கியதில் ஒரு பகுதியாவது அதனால். மீதி விகிதத்தைக்கூட ஆட்களாக மாற்றிப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் ராஜபாளையம் நகராட்சியில் சுமார் 1.3 லட்சம் பேர், ஸ்ரீவில்லிபுத்தூரில் சுமார் 75 ஆயிரம். மூன்றில் இரண்டு பங்கு பெரியவர்கள் என்று கொண்டால் சுமார் 1.37 லட்சம். அதில் 14.4 சதவீதம் ஏறத்தாழ 19,700 பேர். அதில் 0.2 சதவீதம் என்றால் நாற்பது பேர். சென்னை மையத்தின் விகிதத்தை அப்படியே இங்கே போடுவது கரடுமுரடான கணக்குத்தான். சுற்றியுள்ள கிராமங்களை இதில் சேர்க்கவும் இல்லை. இரண்டு நகரங்களுக்குள் மட்டும் நாற்பது பேர் வயிற்றில் கல்லோடு, 'இரண்டாம் வகை' என்று முத்திரை குத்தப்பட்டு, வீட்டு வாசலில் வந்து சேரும் மெட்ஃபார்மினை விழுங்கிக்கொண்டிருக்கக்கூடும். நாற்பது சின்ன எண் என்று சொல்பவர் அந்த நாற்பதில் தன் வீட்டுப் பிள்ளை இல்லை என்ற நம்பிக்கையில் சொல்கிறார்.

இதில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. தேடாமல் விட்ட நோய் குறைந்துதான் தெரியும். இங்கிலாந்தில் அத்தனை வசதியோடும் என்ன நடந்தது என்று 2017-இல் ஒரு ஆய்வு பார்த்தது: கணைய நோய் வந்து, பதிவேட்டில் அது எழுதப்பட்டு, அதன் பிறகு நீரிழிவு வந்தவர்களில்கூட 87.8 சதவீதத்தினர் இரண்டாம் வகை என்றே பதிவாகியிருந்தார்கள். சரியான பெயரில் பதிவானவர்கள் 2.7 சதவீதம். கணைய நோய் முன்பே தெரிந்திருந்த இடத்திலேயே இந்தக் கதி. படமே எடுக்காத இடத்தில் "எங்களிடம் அப்படிப்பட்ட நோயாளி இல்லை" என்பதை நான் எப்படி எடுத்துக்கொள்வது?

3. "அது குடிகாரர்களின் வியாதி" என்பதில் பாதிதான் உண்மை. அந்தப் பாதியும் ஆபத்தானது.

கொச்சியைச் சேர்ந்த பாலகிருஷ்ணன் தலைமையில் நாடு முழுவதும் 1,086 நாள்பட்ட கணைய அழற்சி நோயாளிகளை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டார்கள். குடியால் வந்தது 38.7 சதவீதம், காரணம் பிடிபடாதது சுமார் 60 சதவீதம். அதாவது பெரும்பான்மையினருக்குக் குடி காரணமில்லை. மரவள்ளிக்கிழங்கைச் சந்தேகித்தார்கள்; அதைத் தொட்டே அறியாதவர்களுக்கும் நோய் வந்தது. பிறகு ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் மாற்றம் கணிசமானவர்களிடம் தென்பட்டது. சாராயக்கடைப் பக்கம் போகாத இளம்பெண்ணுக்கும் வரும் நோய் இது. குடிகாரர் வியாதி என்ற பேச்சால் விளைவது என்னவென்றால், பெண்களிடம் யாரும் இதைத் தேடுவதில்லை. குடிப்பவரோ சொல்ல வெட்கப்பட்டு மறைக்கிறார். குடிப்பவருக்கு மட்டும் கணையம் இல்லையா? அவருடைய கல்லும் கல்தானே.

4. "எல்லோரையும் ஸ்கேன் எடுக்கச் சொன்னால் ஸ்கேன் சென்டர்தான் கொழிக்கும்" என்ற பயம் நியாயமானது. ஆனால் அது என் வாதத்துக்குப் பதில் இல்லை.

எல்லோரையும் எடுக்கச் சொல்லவில்லை. வயிற்று சிடி ஒன்றில் சுமார் 8 முதல் 10 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு. இயற்கையாக ஒரு மனிதர் ஆண்டுக்கு வாங்குவது உலகச் சராசரியில் 2.4. நாற்பத்தைந்து வயது, தொந்தி, அப்பா அம்மா இருவருக்கும் சர்க்கரை, வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லை என்றால் அவருக்கு சிடி எடுப்பது வீண். மாஸ்டர் செக்கப் பேக்கேஜில் அப்படி எடுத்து 'கணையத்தில் கொழுப்பு' என்று எழுதிக் கொடுத்து அவரைத் தூங்கவிடாமல் செய்வது வீணிலும் மோசம்.

ஆனால் ஸ்கேன் வியாபாரம் வளர்வது எதனால்? யாருக்கு எடுக்க வேண்டும் என்பதை மருத்துவர்கள் வரையறுத்துச் சொல்லாததால். வரையறை இல்லாத இடத்தில் காசு உள்ளவன் தேவையில்லாமல் எடுத்துக்கொள்கிறான். காசில்லாத ஒல்லி நோயாளிக்குத் தேவை இருந்தும் யாரும் எழுதித் தருவதில்லை. இரண்டு தவறுகளும் ஒரே வெற்றிடத்தில் முளைத்தவை.

யாருக்கு என்பது கம்பசூத்திரமும் இல்லை. நாற்பதுக்குள் சர்க்கரை வந்து, உடம்பு ஒல்லியாக, குடும்பத்தில் யாருக்கும் இல்லாதவர். அடிக்கடி மேல்வயிற்று வலி உள்ளவர், ஒருகாலத்தில் இருந்தவர். மலம் எண்ணெயாகப் போகிறவர். மாத்திரை கூடிக்கொண்டே போயும் எடை இறங்கிக்கொண்டே போகிறவர். நிறையக் குடித்தவர். ஐம்பதைத் தாண்டி, திடீரென்று சர்க்கரை வந்து, கூடவே காரணமில்லாமல் இளைக்கிறவர்.

கடைசியில் சொன்னவரைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் ஐம்பது வயதுக்குமேல் புதிதாக நீரிழிவு வந்த 2,122 பேரைப் பின்தொடர்ந்து சுரேஷ் சாரி குழுவினர் 2005-இல் எழுதினார்கள். மூன்று ஆண்டுக்குள் 18 பேருக்குக் கணையப் புற்றுநோய். நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆகவே புதிதாகச் சர்க்கரை வந்த முதியவர் அனைவருக்கும் சிடி என்பது தவறு. ஆனால் சாதாரணமாக எதிர்பார்ப்பதைவிட அது எட்டு மடங்கு. வயது, எடை இழப்பு, சர்க்கரை ஏறிய வேகம் மூன்றையும் வைத்து யாரைப் படம் எடுப்பது என்று சலித்தெடுக்கும் மதிப்பெண் முறையை அதே குழு 2018-இல் தந்தது. "சுகர் வந்தா இளைக்கத்தான் செய்யும்" என்று நம் ஊரில் சொல்லித் தட்டிவிடுவது அந்தச் சல்லடையைத் தூக்கி எறிவதற்குச் சமம்.

5. "எந்த ஸ்கேனிலும் இன்சுலின் செல் தெரியாது; பிறகு எதற்கு?"

படித்தவர்கள் கேட்கும் கேள்வி இது. பதிலில் பாதியை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். 1869-இல் லாங்கர்ஹான்ஸ் என்ற மாணவர் நுண்ணோக்கியில் கண்ட அந்தத் திட்டுகள் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு. சுமார் பத்து லட்சம் திட்டுகள் சேர்ந்தாலும் கணையத்தில் ஒன்றிரண்டு சதவீதம்தான். வழக்கமான அல்ட்ராசவுண்டோ சிடியோ எம்ஆர்ஐயோ அவற்றைத் தனித்துக் காட்டாது. அந்தச் செல்களில் மட்டும் ஒட்டும் மருந்தை ஏற்றி பெட் ஸ்கேனில் பிடிக்கும் முயற்சி ஐரோப்பிய ஆய்வகங்களில் நடக்கிறது. அது நம் விருதுநகர் மாவட்டத்துக்கு வர நாளாகும்.

ஆனால் செல் தெரியாவிட்டால் ஒன்றுமே தெரியாது என்று எந்த நியாயத்தில் முடிவுகட்டுகிறார்கள்? கல் தெரியும். குழாய் வீங்கியது தெரியும். உறுப்பு சுருங்கியது தெரியும். கட்டி தெரியும். நூற்றில் இரண்டு பங்கு தெரியாததால் தொண்ணூற்றெட்டையும் பார்க்க வேண்டாம் என்பது விசித்திரமான கணிதம்.

சுருங்குவதைப் பற்றி ஆய்வுகள் இன்னும் மேலே போயிருக்கின்றன. முதல் வகைக்காரர்களின் கணையம் கணிசமாகச் சிறுத்திருக்கிறது. இரண்டாம் வகையில் அளவு குறைவதோடு விளிம்பும் பல்லுப்பல்லாகிறது. இங்கிலாந்தின் நியூகாசிலில் ராய் டெய்லர் குழுவினர், எடை குறைத்து நீரிழிவிலிருந்து விடுபட்டவர்களை எம்ஆர்ஐயில் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். கணையம் வளர்ந்திருந்தது, விளிம்பு சீரடைந்திருந்தது. 2020-இல் அது வெளியானது. நோயாளியின் அன்றாடச் சிகிச்சைக்கு இதை இன்றே பயன்படுத்த வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் "ஒருமுறை வந்தால் போகவே போகாது" என்று எண்ணை மட்டும் பார்த்தவர்கள் சொல்லிக்கொண்டிருந்ததற்கு, உறுப்பைப் பார்த்தவர்களிடமிருந்துதான் மறுப்பு வந்தது.

2025 ஏப்ரலில் பாங்காக்கில் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு, ஊட்டக்குறைவால் வரும் நீரிழிவை 'ஐந்தாம் வகை' என்று ஏற்றதும் இங்கே நினைக்கத்தக்கது. அந்த ஏற்புக்குப் பின்னால் வேலூர் சிஎம்சியின் நெடுநாள் உழைப்பு இருக்கிறது. 1985-இல் உலக சுகாதார நிறுவனம் ஊட்டக்குறைவு நீரிழிவு என்ற தலைப்பின்கீழ் இரண்டு வகைகளை வைத்திருந்தது; ஒன்று கணையக்கல் நீரிழிவு, மற்றது கல்லில்லாதது. 1999-இல் அந்தத் தலைப்பே கைவிடப்பட்டது. இப்போது கல்லில்லாத ஒல்லி நோயாளிக்குப் புதுப் பெயர் கிடைத்திருக்கிறது. கல் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் அந்தப் பெயரை யாருக்கும் சூட்ட முடியாது. நாளைக்கே 'ஐந்தாம் வகை'க்கென்று அரசு ஏதாவது திட்டம் கொண்டுவந்தால், நம் ஊர் ஒல்லி நோயாளிகள் எந்த வரிசையில் நிற்பார்கள்?

6. "நம் ஊரில் வசதி இல்லை" என்பது சாக்கு.

இங்கே தேவைப்படும் முதல் கருவி எம்ஆர்ஐ அல்ல, வயிற்று எக்ஸ்ரே. சிடியின் கதிர்வீச்சில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. தாலுகா அரசு மருத்துவமனையிலேயே எடுக்கலாம். அதில் கல் தெரிந்தாலும், தெரியாமலே சந்தேகம் நீடித்தாலும், அடுத்த படிக்கு 2022 ஜனவரியில் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, மதுரை இருக்கிறது. பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி எங்கெங்கோ உள்ள ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் போகிறது. அதை நெய்பவர் ஒரு எக்ஸ்ரேக்கு ராஜபாளையம் வரை வர முடியாதா?

இன்னும் சொல்லப்போனால், பலருக்குப் படம் ஏற்கனவே எடுத்தாகிவிட்டது. கிட்னி கல் என்று வயிற்று ஸ்கேன் எடுக்காத குடும்பம் எங்கள் பக்கத்தில் அபூர்வம். அந்த ரிப்போர்ட் எல்லாம் ஜவுளிக்கடைப் பையில் சுருட்டி பீரோ மேல் கிடக்கின்றன. அவற்றில் கல்லீரலுக்கு ஒரு வரி, பித்தப்பைக்கு ஒரு வரி, கணையத்துக்கு ஒரு வரி இருக்கும். கிட்னி வரியைப் படித்துவிட்டு மூடிவைத்துவிட்டார்கள். கணைய வரியில் பல சமயம் எழுதியிருப்பது என்னவென்றால், குடல் வாயு மறைத்ததால் கணையம் சரியாகத் தெரியவில்லை என்பது. வயிற்றுக்குப் பின்னால் முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கும் உறுப்புக்கு அல்ட்ராசவுண்டில் அடிக்கடி நேர்வதுதான் அது. 'தெரியவில்லை' என்று எழுதியதை 'நன்றாக இருக்கிறது' என்று படிக்கிறோம். படிக்கத் தெரிந்தவர்களும் அப்படித்தான் படிக்கிறார்கள்.

செலவு பற்றிப் பேசுபவர்கள், பார்க்காமல் விட்டதன் செலவையும் சேர்த்துக் கூட்டட்டும். வலிக்கு ஆண்டுக்கணக்கில் கேப்சூல், இறங்காத எண்ணுக்கு மூன்றாவது நான்காவது மாத்திரை, லோ சுகரில் விழுந்து குளுக்கோஸ் ஏற்றிய இரவுகள், கடைசியில் மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தாமதமாகக் கண்டுபிடித்த கட்டி. அந்த ஒரு எக்ஸ்ரேயின் விலை இவற்றில் எந்த மூலைக்கு?

செய்ய வேண்டியது இதுதான். மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரின் படிவத்தில் நான்கு கேள்விகளைச் சேர்க்க வேண்டும்: எந்த வயதில் சர்க்கரை வந்தது, அதற்கு முன்போ பின்போ மேல்வயிற்று வலி உண்டா, மலம் எண்ணெயாகப் போகிறதா, ஆறு மாதத்தில் எடை இறங்கியதா. இரண்டுக்குச் சந்தேகமான பதில் வந்தால் அரசு மருத்துவமனையில் ஒரு வயிற்று எக்ஸ்ரே, மருத்துவரிடம் ஒரு சீட்டு. நோயாளிகளும் சும்மா இருக்க வேண்டாம். பீரோ மேல் கிடக்கும் ரிப்போர்ட்டை இன்றைக்கே இறக்கிக் கணைய வரியைப் படியுங்கள், அடுத்த முறை டாக்டர் மாத்திரை எழுதும்போது அந்த வரியைக் காட்டி "இது சரிதானா டாக்டர்?" என்று கேளுங்கள். மாவட்டச் சுகாதார நிர்வாகம் இதற்கென்று புதிதாக ஒரு கருவிகூட வாங்க வேண்டியதில்லை.